இட்டேரிக்கு ஏற்ற பின் டயர் எது?

புரட்டாசி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டு விவசாயி வானத்தைப் பார்ப்பார்; விதைச் சோளத்தை எடுத்து வெயிலில் காயவைப்பார்; கலப்பைக் கொழுவைத் தட்டிக் கூராக்குவார். மழைக்கு முன்பு பார்க்க வேண்டிய இன்னொரு பொருள் வாசலிலேயே நிற்கிறது. ஆனால் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதுதான் அன்றாடம் பாலையும் தீவனத்தையும் சுமக்கும் மொபெட்டின் அல்லது மோட்டார் சைக்கிளின் பின் டயர்.

பல்லடம், பொங்கலூர், காங்கயம், தாராபுரம், உடுமலை வட்டாரங்களில் தோட்டத்துச் சாளைகள் தார் ரோட்டை ஒட்டி இருப்பது குறைவு. ரோட்டிலிருந்து இட்டேரியில் ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் உள்ளே போக வேண்டியிருக்கும். இருபுறமும் கிளுவை வேலி, நடுவே வண்டித்தடம். தலைமுறை தலைமுறையாக ஆடு மாடுகளும் கட்டை வண்டிகளும் நடந்து தேய்ந்ததால், பல இட்டேரிகள் பக்கத்து நிலத்தைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. மழை பெய்தால் முதலில் தண்ணீர் ஓடுவது அங்கேதான். விடியற்காலை இருட்டில், சொசைட்டிக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில், நிறைந்த பால் கேனுடன் அந்த வழியில் போகும்போது பின் சக்கரம் ஒரு முழம் வழுக்கினால் போதும். அன்றைய பால் மண்ணில் போகும். கையோ காலோ முறிந்தால், மாடு கறப்பதும் நின்றுவிடும், பனியன் கம்பெனிக்குப் போகும் கூலியும் நின்றுவிடும்.

ஆகவே பின் டயரைத் தேர்ந்தெடுப்பது கடைக்காரரிடம் விட்டுவிடக்கூடிய காரியமல்ல. தன் மண் எது, தன் சுமை எவ்வளவு, தன் வழியில் மண் தடம் எத்தனை, தார் ரோடு எத்தனை என்பது விவசாயிக்கு மட்டுமே தெரியும். அந்த மூன்றையும் அறிந்துகொண்டு கடைக்குப் போனால் தவறு நேராது.

பின் சக்கரத்தின் வேலை

முன் சக்கரம் வழிகாட்டுகிறது. பின் சக்கரம் உழைக்கிறது. என்ஜினின் இழுவை சங்கிலி வழியாகப் பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. பால் கேன், புல் கட்டு, தீவன மூட்டை, பின்னால் அமர்பவர் ஆகிய எல்லாருடைய பாரமும் பெரும்பாலும் அதன் மேல்தான் விழுகிறது. எனவேதான் பின் டயர் முன் டயரைவிட விரைவில் தேய்கிறது.

டயர் என்பது ரப்பர் மட்டுமல்ல. உள்ளே நைலான் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்திருக்கின்றன. சுமையைத் தாங்குவது அந்த நூலும் உள்ளே அடைபட்ட காற்றும். தரையைப் பிடிப்பது மேலே உள்ள ரப்பர் கட்டைகளும் அவற்றுக்கு இடையே உள்ள பள்ளங்களும். நூலோடும் பின்னலோடும் பழகிய திருப்பூர்ப் பகுதி மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நூல் நைந்தால் துணி போவது போல, உள் நூல் அறுந்தால் மேல் ரப்பர் எவ்வளவு கனமாக இருந்தாலும் டயர் போய்விட்டது என்றே பொருள்.

காற்றடைத்த டயரை 1888ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர் என்பது உழவர்களுக்குச் சுவையான செய்தி. பெல்பாஸ்ட் நகரில் தொழில் செய்துவந்த அவர், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்தார். கரடு வழிக்காகப் பிறந்ததே காற்று டயர். பிற்காலத்தில் கட்டை வண்டிச் சக்கரம் போய் டயர் வண்டி வந்தபோது, காளைகளின் கழுத்துப் பாரம் எவ்வளவு குறைந்தது என்பது பழைய விவசாயிகள் அறிந்ததே.

1980ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த பிறகு, சைக்கிளில் பால் கொண்டுபோன பல கிராமத்தார் மொபெட்டுக்கு மாறினார்கள். இன்று அதே வழியில் வந்த எக்ஸ்.எல். 100 போன்ற வண்டிகளும், 100 சிசி மோட்டார் சைக்கிள்களும் சிறு விவசாயியின் பார வண்டியாக விளங்குகின்றன. ஆனால் இவற்றில் கம்பெனி பொருத்தித் தரும் டயர் எல்லா ஊருக்கும் பொதுவானது. இட்டேரியை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல.

பெரிய கட்டை எப்போதும் நல்லதா?

மண் வழியில் ஓட்டுகிறோமே என்று சிலர் நேராகப் ‘பட்டன் டயர்’ கேட்கிறார்கள். உயரமான ரப்பர் கட்டைகள் தனித்தனியே நிற்கும் இந்த வகை, மண்ணில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கு உரியது. கோவையிலும் தேசிய அளவிலான சூப்பர் கிராஸ் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. மண் மேட்டின் மேல் வண்டிகள் தாவிப் பறப்பதைப் பார்த்தவர்கள் அந்த டயர்களையும் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பந்தயக்காரர்களிடம் விவசாயி கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் ஒரே டயரை எல்லா இடத்துக்கும் போடுவதில்லை. இளகிய மண்ணுக்கு ஒன்று, நடுத்தர மண்ணுக்கு ஒன்று, இறுகிய தரைக்கு ஒன்று என்று மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இளகிய மண்ணுக்குக் கட்டைகள் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். கட்டை மண்ணுக்குள் புதைந்து துடுப்பைப் போலத் தள்ளும். இறுகிய தரைக்குக் கட்டைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். புதைய இடமில்லாத தரையில் ரப்பர் எவ்வளவு பரப்பில் தொடுகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. ரப்பரின் தன்மையும் அப்படியே. இளகிய மண்ணுக்குக் கெட்டியான ரப்பர், இறுகிய தரைக்கு மென்மையான ரப்பர். மேலோட்டமாகப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். யோசித்தால் சரி என்று விளங்கும். மண்ணைக் குத்திக் கிளப்ப உறுதி வேண்டும். பாறையைப் பற்ற இளக்கம் வேண்டும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பின் சக்கரத்தின் உயரமான வரிக்கட்டைகள் உழவில் இழுக்கும் இழுவை என்ன, அதே டிராக்டரைத் தார் ரோட்டில் செங்கல் லோடுக்கு ஓட்டினால் கட்டைகள் தேயும் வேகம் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். பட்டன் டயரும் அப்படித்தான். தார் ரோட்டில் அதன் கட்டைகள் ஒவ்வொன்றும் வளைந்து நெளிகின்றன. வண்டி நடுங்கும், சத்தம் வரும், டயர் சீக்கிரம் தேயும். மழை நனைத்த தார் ரோட்டில் திருப்பத்திலும் பிரேக்கிலும் பிடிப்பு குறையும். மண்ணில் விழாமல் தப்பித்து, ரோட்டில் லாரிக்கு முன்னே விழுவதில் என்ன லாபம்?

மண்ணுக்குத் தக்க டயர்

செம்மண்ணும் சரளையும்: பல்லடம், அவிநாசி, காங்கயம் பகுதிகளில் செம்மண் நிலமும் சரளைப் பாங்கும் அதிகம். பல இடங்களில் அரையடி தோண்டினால் சுக்கான் கல் வந்துவிடும். கோடையில் இந்த வழிகள் இறுகிக் கிடக்கும். மேலே சிறு கற்கள் உருளும். மழை நின்ற சில மணி நேரத்தில் தண்ணீர் இறங்கி வழி நடக்கக்கூடியதாகிவிடும். இங்கே உயரமான கட்டை தேவையில்லை. குட்டையான, நெருக்கமான கட்டைகளும், அவற்றுக்கிடையே கல் சிக்காத அளவுக்கு வெட்டுப் பள்ளங்களும் உள்ள கலப்பு வகை டயர் போதும். பக்கச் சுவர் கனமாக இருப்பது அவசியம். கூரான கல் கீறுவது பெரும்பாலும் பக்கத்தில்தான்.

கரிசல் மண்: உடுமலை, தாராபுரம் பக்கங்களில் கரிசல் மண் உள்ள ஊர்கள் பல. உலர்ந்த கரிசலில் எந்த டயரும் ஓடும். நனைந்த கரிசல் களி போல ஒட்டும். நெருக்கமான பள்ளங்களில் அது அப்பிக்கொண்டால், டயர் சிறிது நேரத்தில் மண் பூசிய உருளையாகிவிடும். இங்கே கட்டைகளுக்கு இடையே அகலமான இடைவெளி இருந்தால், ஒட்டிய மண் சுழற்சியில் உதிர வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மண் உதிர்வதற்குச் சக்கரம் வேகமாகச் சுழல வேண்டும். பாரத்துடன் ஊர்ந்து போகும் மொபெட்டில் அந்த வேகம் கிடைப்பதில்லை. மேலும், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நின்றுவிடுவதும் உண்டு. ஈரக் கரிசலை வென்ற டயர் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. பெருமழை பெய்த மறுநாள் வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் கேனைத் தலைச்சுமையாகவோ மாட்டு வண்டியிலோ கொண்டுவருவதே விவேகம்.

மணற்பாங்கு: ஓடைகளைக் கடக்கும் இடங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் மணல் சேர்ந்திருக்கும். அகன்ற டயர் மணலில் புதையாமல் மிதந்து செல்லும். ஒல்லியான டயர் வெட்டிக்கொண்டு இறங்கும். ஆனால் சில கஜ மணலுக்காக டயர் அளவை மாற்றுவது வீண் வேலை. அந்த இடத்தில் பின்னால் உள்ளவர் இறங்கிக்கொள்வதும், திடீரென முறுக்காமல் ஒரே சீராக ஓட்டுவதும் போதுமானவை.

ஒரு நாள் ஓட்டக் கணக்கு

மண்ணைப் பார்த்த பிறகு பார்க்க வேண்டியது தூரக் கணக்கு. இந்த வட்டாரத்தின் தனிச்சிறப்பே, ஒரே வண்டி விடியற்காலை தோட்டத்துக்கும் பகலில் தொழிலுக்கும் போவதுதான். உதாரணமாக, பொங்கலூர் பக்கம் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் பாலுடன் இட்டேரியில் 2 கிலோமீட்டர். திரும்ப 2 கிலோமீட்டர். பிறகு அதே வண்டியில் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வருவதில், இட்டேரி போக 36 கிலோமீட்டர் தார் ரோடு. அவருக்கும் போக வர 4 கிலோமீட்டர் இட்டேரி. ஆக 44 கிலோமீட்டரில் மண் வழி 8தான். ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாக வராத மண் வழிக்காகப் பட்டன் டயர் போட்டால், மீதி நான்கு பங்கில் பணமும் பாதுகாப்பும் கரையும். இந்தக் குடும்பத்துக்கு ஏற்றது, நடுவில் தொடர்ச்சியான ரப்பர் பட்டையும் ஓரங்களில் தனிக் கட்டைகளும் உள்ள கலப்பு வகையே. தார் ரோட்டில் நடுப்பட்டை ஓடும். சேற்றில் சற்று இறங்கும்போது ஓரக் கட்டைகள் பிடிக்கும்.

மாறாக, மூலனூர், வெள்ளகோவில் பக்கம் கொறங்காட்டில் ஆடு மாடு மேய்ப்பவருக்கு நாள் முழுதும் கொழுக்கட்டைப் புல் காட்டுக்குள்ளேயே ஓட்டம். வாரம் ஒரு முறை சந்தைக்குப் போவது மட்டுமே தார் ரோடு. அவருக்குக் கட்டைகள் தெளிவாகப் பிரிந்த டயர் பொருந்தும். விசைத்தறிக்கு நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஊர் ரோட்டிலேயே ஓடுபவருக்கோ கம்பெனி போட்டுத் தந்த வகையே சிறந்தது.

வேலை பாதிக்கு மேல் மண்ணில் என்றால் கட்டை டயர். பாதிக்குக் கீழே என்றால் கலப்பு டயர். அரிதாகவே மண் என்றால் சாதாரண ரோட்டு டயர். இந்த அளவுகோலை நினைவில் வைத்தால் பெரும்பாலான குழப்பம் தீரும்.

பக்கச் சுவர் சொல்லும் செய்தி

டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்துகள் நிலத்துக்குச் சிட்டா எப்படியோ அப்படி. எக்ஸ்.எல். 100 மொபெட்டின் டயரில் 2.50-16 என்ற அளவு இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலத்தில். சில டயர்களில் 80/100-18 என்பது போல இருக்கும். அதில் 80 என்பது மில்லிமீட்டரில் அகலம். 100 என்பது அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 18 ரிம்மின் அங்குல அளவு.

அதற்கடுத்து 41L என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் வரும். இதுதான் பாரம் ஏற்றுபவர் கட்டாயம் படிக்க வேண்டியது. 41 என்றால் அந்த ஒரு டயர் தாங்கக்கூடிய அதிக பட்சச் சுமை 145 கிலோ. 42 என்றால் 150 கிலோ. 48 என்றால் 180 கிலோ. 52 என்றால் 200 கிலோ. பின்னால் வரும் எழுத்து வேக எல்லை. L என்பது மணிக்கு 120 கிலோமீட்டர், P என்பது 150 கிலோமீட்டர். 6PR என்று இருந்தால், ஆறு அடுக்குத் துணிக்குச் சமமான வலு என்று பொருள். உள்ளே ஆறு அடுக்கு இருக்கிறது என்பதல்ல.

டயரில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். முன்னோக்கிச் சுழலும் திசையை அது காட்டுகிறது. பஞ்சர் ஒட்டிவிட்டுத் திருப்பி மாட்டிவிட்டால், கட்டைகள் மண்ணைத் தள்ளுவதற்குப் பதில் நழுவிவிடும். சக்கரத்தை மாட்டும்போது பக்கத்தில் நின்று அம்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சுமையில் செய்யும் தவறு

டயர் வழுக்குவதற்கும் வெடிப்பதற்கும் கட்டை வகையைவிடப் பெரிய காரணம் அதிகச் சுமை. ஒரு கணக்குப் பார்ப்போம். 40 லிட்டர் பாலின் எடை ஏறக்குறைய 41 கிலோ. அலுமினியக் கேன் 7 கிலோ என்று வைத்தால் ஒரு கேன் 48 கிலோ. இரண்டு கேன் 96 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ. ஆக 161 கிலோ. எக்ஸ்.எல். 100 மொபெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பாரமோ ஆளையும் சேர்த்து 130 கிலோ.

பின் டயரை மட்டும் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். வண்டியின் எடையில் பின் சக்கரத்தின் பங்கு 48 கிலோ, ஓட்டுபவர் எடையில் 40 கிலோ, பின்னால் தொங்கும் கேன்கள் முழுவதும் 96 கிலோ என்று தோராயமாக வைத்தால் 184 கிலோ வருகிறது. டயர் தாங்குவது 145. இதற்கு மேல் குழியில் இறங்கி ஏறும் அதிர்ச்சி வேறு. அதே வண்டியில் 20 லிட்டர் கேன் இரண்டு வைத்தால், கேன்கள் 50 கிலோ, ஆளுடன் 115 கிலோ. பின் டயரில் 138 கிலோ. எல்லாம் எல்லைக்குள் அடங்கிவிடும். பால் அதிகமுள்ளவர்கள் இரண்டு நடை போவதே நலம். அல்லது கூடுதல் சுமை எண் கொண்ட டயர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு மாற வேண்டும். 50 கிலோ தீவன மூட்டையை வைத்து, அதன் மேல் மனைவியையும் உட்காரவைத்து இட்டேரியில் வருவதை அடியோடு நிறுத்த வேண்டும்.

அகலமான டயர் போட்டால் சுமை தாங்கும் என்று நினைத்து அளவை மாற்றுவதும் தவறு. வண்டியின் கையேட்டில் சொல்லப்பட்ட அளவே ரிம்முக்குப் பொருந்தும். பெரிய டயர் சங்கிலியிலோ மட்கார்டிலோ உரசும். அதே அளவில் கட்டை டயர் வாங்கினாலும், கட்டைகள் உயரமாக இருப்பதால், மாட்டிய பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி நான்கு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காற்றுக் கணக்கு

பந்தயக்காரர்கள் மண்ணில் பிடிப்பு வேண்டிக் காற்றைக் குறைத்து, 12 முதல் 15 பவுண்டு வரைகூட வைத்து ஓட்டுவார்கள். காற்று குறைந்தால் டயர் தட்டையாகப் பரவி அதிக மண்ணைத் தொடும் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் பால் கேன் கொண்டுபோவதில்லை. டயர் ரிம்மின் மேல் நழுவாமலிருக்க அவர்கள் வண்டியில் தனிப் பூட்டும் உண்டு. பாரம் ஏற்றும் வண்டியில் காற்றைக் குறைத்தால், கல்லில் ஏறும்போது ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை போடும். டயர் ரிம்மில் சுற்றி நழுவி, வால்வு அடியோடு பிய்ந்துபோகும். பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி, உள்ளே நூல் அறும்.

அதிகக் காற்றும் ஆகாது. டயர் பந்து போல் உப்பி, நடுப்பட்டை மட்டும் தரையைத் தொடும். சரளையில் துள்ளும், நடுவில் மட்டும் தேயும். வண்டிக் கையேட்டில் ஒருவர் செல்வதற்கு ஓர் அளவும், சுமையுடன் செல்வதற்கு வேறு அளவும் குறிக்கப்பட்டிருக்கும். பால் வண்டிக்குச் சுமை அளவே கணக்கு. வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், காலையில் அளந்து பார்க்க வேண்டும். விரலால் அழுத்திப் பார்ப்பது அளவாகாது.

முள்ளுக்கு வழி

கொறங்காட்டு வெள்வேலும் இட்டேரிச் சீமைக் கருவேலும் பஞ்சர் கடைக்கு ஓயாமல் வேலை கொடுப்பவை. வேலி கழித்த நாட்களில் கேட்கவே வேண்டாம். கழித்த முள்ளை அன்றே கவைக்கோலால் வாரி ஒதுக்கிவிட்டால் ஊருக்கே உபகாரம்.

ஆரக் கம்பிச் சக்கரங்களில் பெரும்பாலும் டியூப் உள்ள டயரே பொருந்தும். அலாய் சக்கரமுள்ள வண்டிகளில் டியூப் இல்லாத டயர் போடலாம். முள் அடிக்கும் ஊருக்கு இது மேல். முள் குத்தினாலும் காற்று மெதுவாகவே இறங்கும். வீடு வந்து சேர அவகாசம் கிடைக்கும். வழியில் முள்ளைப் பிடுங்கக் கூடாது. அது அடைப்பாக நிற்கட்டும். கடையில் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி அடைத்துவிடுவார்கள். ஆனால் பக்கச் சுவரில் ஏற்பட்ட ஓட்டைக்குத் திரி வைத்தியம் உதவாது. டயரை மாற்றுவதே வழி.

டியூப் டயரில் முள் குத்தினால், டியூபை ஒட்டினால் மட்டும் போதாது. முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நின்று, மறுநாள் அதே டியூபை மறுபடி குத்தும். டயரின் உட்புறம் முழுதும் பனியன் வேஸ்ட் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பார்க்க வேண்டும். நுனி எங்கே இருந்தாலும் துணி இழையில் மாட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும்.

வாங்கும்போதும் மாற்றும்போதும்

இந்தியாவில் விற்கும் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2325 என்றால், 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதிரும். ஆகவே புதிதாகச் செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும். விலை குறைவு என்று பழைய டயர் வாங்குவதும், தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டித் தருவதை வாங்குவதும் ஆபத்து. பள்ளம் வெட்டும்போது நூலுக்கு மேலிருந்த கொஞ்ச ரப்பரும் போய்விடுகிறது. புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால், முதல் 100 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்ட வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி இரு சக்கர வண்டியின் டயர் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இந்த எல்லையைக் காட்டப் பள்ளத்துக்குள்ளேயே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். இது சட்டத்தின் எல்லை; இட்டேரியின் எல்லை அதற்கு முன்பே வந்துவிடும். ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் படுக்கவைத்துப் பார்க்கலாம். அதன் கனம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். குச்சி பள்ளத்தில் அமிழாமல் மேலே துருத்தி நின்றால், அந்த டயர் ஐப்பசி மழைக்கு உதவாது. பக்கச் சுவரில் வெடிப்பு, வீக்கம், நூல் தெரிதல் இவற்றில் எது இருந்தாலும் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த பின் டயரை முன்னால் மாட்டிச் சிக்கனம் பிடிப்பதும் கூடாது. பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க ஒரு கணம் கிடைக்கும். முன் சக்கரம் வழுக்கினால் அதுவும் கிடைக்காது.

டயருக்குப் பராமரிப்பும் உண்டு. வண்டியை வெயிலில் நிறுத்தாமல் சாளையின் நிழலில் நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் ரப்பரைத் தின்றுவிடும். அவற்றால் சக்கரத்தைத் துடைக்கக் கூடாது. சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது டயரில் சிந்தினால் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

ரோட்டில் வண்டி இழுக்கும் காளைக்கு லாடம் அடிக்கும்போது, குளம்பைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் லாடம் வாங்கியதில்லை. அந்தப் பழக்கத்தை இன்றைய வண்டிக்கும் கொண்டுவந்தால் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, பின் சக்கரத்தைக் கழுவி, பக்கச் சுவரைப் படித்து, பள்ளத்தில் தீக்குச்சியை வைத்துப் பார்க்கட்டும். கேன் எத்தனை கிலோ என்று ஒரு முறை தராசில் நிறுத்துவிடட்டும். மழை வந்த பிறகு சேற்றில் நின்று யோசிப்பதைவிட, மழைக்கு முன் வாசலில் உட்கார்ந்து யோசிப்பது எளிது, செலவும் குறைவு.